அச்சில் நிறம் மாறியது கைக்குறை அல்ல

வணக்கம். இரண்டு ஆண்டுகள் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் தானாகப் பயின்று வரைந்த முதல் நூல் அட்டையில் நீலவானம் ஊதாவாகி, கோடுகளும் மங்கியதால், ஓவியக் கல்லூரியில் சேர்ந்தே தீர வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள். அது தேவையில்லை, பிழை உங்கள் கையில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

டெமி என்ற வழக்கமான நூல் அளவில் அட்டையின் அகலம் 5.5 அங்குலம், உயரம் 8.5 அங்குலம். நீங்கள் 800 பிக்சல் அகலத்தில் வரைந்ததால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 145 பிக்சலே கிடைத்தது. அச்சுக்கு 300 வேண்டும். ஆகவே 1650க்கு 2550 பிக்சல் என்று தொடங்கி, அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். வரைந்து முடித்த படத்தைப் பின்னர் பெரிதாக்கினால் கோடுகளின் கூர்மை திரும்பாது.

நிறத்தைப் பொறுத்தவரை, திரை ஒளியால் காட்டும் அடர்நீலத்தை அச்சு மையால் அப்படியே தர இயலாது. மயிற்கழுத்து நிறத்தில் நான் வரைந்த ஓர் அட்டையும் இப்படித்தான் கெட்டது. அச்சகத்தில் அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, சயான் என்ற பச்சை கலந்த நீல மையின் புள்ளிகளுக்கு இடையே மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையின் புள்ளிகள் நெருங்கிக் கிடந்ததைக் கண்டேன். நீலத்தில் மெஜந்தாவின் அளவு சயானைவிட 30 விழுக்காடாவது குறைவாக இருக்கட்டும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அச்சு மைகளில் (சிஎம்ஒய்கே) படம் எப்படி வரும் என்ற முன்னோட்டத்தைக் கிரிட்டாவிலேயே பார்க்கலாம்.

பதிப்பகத்தாரிடம் காரணத்தை ஒளிக்காமல் கூறி, திருத்திய கோப்பைக் கொடுத்து, மீதித் தொகையைக் கேளுங்கள். அடுத்த பணிக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.