எஸ்தோனியாவில் கலைக்குப் படியளப்பது யார்? கேள்வி பதில்

கே: சோவியத் ஆட்சி போனபின் எஸ்தோனியாவில் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் எப்படிப் பிழைத்தார்கள்?

ப: முதலில் திண்டாட்டம்தான். அதுவரை எந்தப் புத்தகம், எத்தனை ஆயிரம் பிரதி என்பதெல்லாம் அரசுத் திட்டம். 1992 ஜூனில் ரூபிள் போய்க் குரோன் வந்தது, சந்தை விலையும் கூடவே வந்தது. அப்போது பழைய ஏற்பாடு ஒன்றைத் தூசி தட்டினார்கள். 1925-ல் தொடங்கி, சோவியத் இணைப்போடு மறைந்துபோன ‘குல்தூர்கபிதால்’ என்ற கலைநிதியை 1994-ல் சட்டம் போட்டு மீட்டார்கள்.

மது, புகையிலைக் கலால் வரியில் 3.5 சதவீதமும் சூதாட்ட வரியில் ஒரு பங்கும் அங்கே போகும். இலக்கியம், இசை, நாடகம், கட்டடக்கலை என்று எட்டுப் பிரிவுகள். விளையாட்டும் அதில் ஒன்று, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் அந்தந்தத் துறைக்காரர்களே. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 13 லட்சம். மனு போட்டவரும் முடிவு செய்பவரும் ஒரே காப்பிக் கடையில் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் இந்த முறையோடு பிறந்தது.

கே: அமைச்சர் மூக்கை நுழைக்க மாட்டாரா?

ப: இந்தக் கலைநிதியை நடத்தும் மேல்மன்றத்துக்குத் தலைவரே பண்பாட்டு அமைச்சர்தான். ஆனால் எந்தக் கவிஞருக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பிரிவின் குழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

கே: அப்போ டாஸ்மாக் கூட்டம் கூடினால் கலை வளரும், அப்படித்தானே சார்?

ப: கிண்டல் சரி, உள்ளே நியாயமும் இருக்கிறது. 2017 ஜூலையில் பீர் மீதான கலால் வரியை ஒரேயடியாக 70 சதவீதம் ஏற்றினார்கள். சனம் என்ன செய்தது? காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டது. வால்கா என்ற ஊர் இரு நாட்டு எல்லையில் பாதி பாதியாகக் கிடக்கிறது. தெருவைத் தாண்டினால் லாட்வியா. டிக்கி நிறைய பீர்ப் பெட்டி அடுக்கித் திரும்பினார்கள். எதிர்பார்த்த வரி வரவில்லை. 2019-ல் 25 சதவீதம் குறைக்க வேண்டியதாயிற்று. கலைஞனின் படி பீர் விலையில் தொங்குகிறது என்பது உண்மைதான்.

கே: அப்படியானால் பட்ஜெட்டிலிருந்தே நேரடியாகக் கொடுப்பதுதானே முறை?

ப: இதற்குத்தான் காத்திருந்தேன். லாட்வியாவும் 1998-ல் இதே மாதிரி நிதி வைத்தது. பிறகு வரியோடிருந்த முடிச்சை அவிழ்த்துப் பொதுப் பட்ஜெட்டில் சேர்த்தார்கள். 2008-09 நெருக்கடியில் கத்தரி அதன் மேல் பலமாக விழுந்தது. கலைக்கென்று ஒதுக்கிய வரிப் பங்கின் தனிக் கணக்கைக் கஜானாவில் கலக்க விடாதீர்கள். எங்கே பேசினாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கே: மாஸ்கோவிலிருந்து வந்த மலிவுவிலைத் தமிழ்ப் புத்தகங்கள் ஏன் நின்றன?

ப: முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா இரண்டுக்கும் அரசு படியளந்தது. 1991-ல் அந்த அரசே இல்லை. என்னிடம் இருப்பவற்றின் தையல் இன்னும் பிரியவில்லை.

கே: டாஸ்மாக் வருமானத்தில் இப்படி ஒரு நிதி...

ப: மேலே சொன்னதையே படியுங்கள்.

கே: எஸ்தோனியாவில் படிக்க உதவித்தொகை கிடைக்குமா?

ப: தூதரகத்தைக் கேளுங்கள்.

கே: சார், குடிகாரன் காசில் கவிதையா?

ப: மூன்றாவது முறை. கள்ளுண்டபடி பாடிய சங்கப் புலவரிடம் போய்க் கேளுங்கள். தனிக் கணக்கு பற்றிக் கேட்க யாராவது இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.