அபசுரம் வாசிக்க வெட்கமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். நான் இயற்பியல் பேராசிரியர். வயது 51. மிகக் குறைந்த வெப்பநிலையில் படிகங்களின் மின்பண்புகளை ஆராய்வது என் துறை. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறேன் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வகுப்புகள், துறைக் கூட்டம், பம்ப் வாங்குவதற்கான கோப்பு, நிதிநல்கை விண்ணப்பம், மாணவர்களின் கட்டுரைத் திருத்தம் என்று பொழுது போய்விடுகிறது. ஆய்வு மாணவியாக இருந்தபோது நுண்ணோக்கியின் கீழ் மூச்சை அடக்கிக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசையால் படிகத்தில் ஒட்டுவேன். இப்போது கருவியைத் தொட்டாலே, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மேடம்" என்று மாணவர்கள் பதறுகிறார்கள்.

சென்ற ஆண்டு வயலின் கற்கத் தொடங்கினேன். சிறுவயது ஆசை. ஆனால் வில்லைக் கையில் எடுத்தாலே, திருத்தாமல் கிடக்கும் ஆய்வேடு நினைவுக்கு வந்து நெஞ்சை அரிக்கிறது. எங்கள் திட்டத்துக்கு நிதி மறுக்கப்பட்ட வாரம், சக பேராசிரியர் ஒருவர், "உங்களுக்கு வயலினுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறதே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு வயலின் பெட்டியைக் காரின் டிக்கியில் ஒளித்து வைக்கிறேன்.

இன்னொரு தொல்லை, என்னால் வெறுமனே வாசிக்க முடியவில்லை. வில்லை எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு அழுத்தலாம் என்பதை, வயலின் ஒலியை ஆராய்ந்த ஷெல்லெங் 1973இல் வரைபடமாகவே போட்டுக் கொடுத்துவிட்டார். அழுத்தம் குறைந்தால் ஒலி சிதறும், மிஞ்சினால் கரகரக்கும். எல்லாம் மனப்பாடம். என் வில் மட்டும் அந்த எல்லைக்குள் அடங்க மறுக்கிறது. கைபேசிச் செயலியில் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணையும் பார்த்து அட்டவணை போடுகிறேன். ஆசிரியர் என்னைவிட மிகவும் இளையவர். "தோளைத் தளர்த்துங்கள்" என்று அவர் சொன்னால், கம்பி வில்லோடு ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டுவதைப் பற்றி நான் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறேன். வீட்டிலும் இதே கதைதான். "அம்மா, இது வகுப்பில்லை" என்று மகள் எழுந்து போய்விடுகிறாள்.

வயலினை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள பேராசிரியருக்கு,

வயலினை விட வேண்டாம். எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் அந்தச் செயலியை விடுங்கள்.

குற்ற உணர்வைப் பற்றி முதலில். வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸபீனே ஸோன்னென்டாக், சார்லோட்டே ஃப்ரிட்ஸ் என்ற உளவியலாளர்கள் 2007இல் நான்கு அனுபவங்களைக் குறிப்பிட்டார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, தளர்ந்து ஓய்வது, வேலைக்கு அப்பாற்பட்ட ஒன்றில் தேர்ச்சி பெற முயல்வது, ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று தானே முடிவு செய்வது. கடைசி இரண்டையும் வயலின் உங்களுக்குத் தருகிறது. முதல் இரண்டையும் நீங்கள் போடும் அட்டவணை பறித்துவிடுகிறது. வயலினை எடுத்தும் மனம் ஆறாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்திலிருந்து நீங்கள் இன்னும் வெளியே வரவே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வயலின் பகுதியை அல்ல, அந்தத் தங்கக் கம்பியை. கை வேலையில் ஊறி வளர்ந்தவர் நீங்கள். பதவி உயர உயர அந்த வேலை மாணவர்களிடம் போய்விட்டது, உங்களுக்குக் கோப்புதான் மிச்சம். அதை ஓர் இழப்பு என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. ஐம்பது வயதில் வில்லைத் தேடிப் போனதற்குச் சிறுவயது ஆசை மட்டுமே காரணமா என்பது என் சந்தேகம். ஆகவே வாரத்தில் ஒரு பிற்பகலை ஆய்வுக்கூடத்துக்கென்று ஒதுக்குங்கள். மாணவர்கள் பதறட்டும். ஒரு படிகத்துக்காவது நீங்களே கம்பி ஒட்டுங்கள்.

அடுத்து, விளக்கம் சொல்லும் பழக்கம். தெரியாத இடத்தில் நிற்கும்போது தெரிந்ததைப் பேசுவது உங்களுக்குக் கவசமாக இருக்கிறது. பல ஆண்டுகளாக அறையில் அதிகம் தெரிந்தவராக இருந்துவிட்டு, இளைஞர் ஒருவர் முன்னால் கரகரவென்று வாசிப்பது எளிதல்ல. சி. வி. ராமன் வயலின் கம்பியின் அதிர்வை ஆராய, வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் ஓர் இயந்திரத்தையே அமைத்தார். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அளவீட்டுக்குக் கை ஓர் இடைஞ்சல், அதனால் அதை விலக்கிவிட்டார். நீங்கள் கற்க வந்திருப்பதோ அந்தக் கையைத்தான். வரைபடம் தோளுக்குப் போய்ச் சேரக் காலம் பிடிக்கும். அதுவரை ஆசிரியரிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: வகுப்பு நேரத்தில் இயற்பியல் பேச மாட்டேன் என்று. பேசியே தீர வேண்டும் என்று தோன்றினால் வகுப்பு முடிந்ததும் பேசுங்கள். ஒருவேளை அவருக்கே கேட்க ஆசை இருக்கலாம்.

சக பேராசிரியர் மறுபடி கேட்டால், "ஆமாம், கிடைக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் பிளாங்கும் சேர்ந்து இசைத்தார்கள், சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்தார் என்றெல்லாம் பட்டியலை நீட்ட வேண்டாம். அப்படி நீட்டினால், ஆராய்ச்சிக்குப் பயன்பட்டால்தான் இசைக்கு இடம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெட்டியை டிக்கியிலிருந்து எடுத்து அறையில் வையுங்கள். நள்ளிரவு மின்னஞ்சலில் மட்டுமே உங்களைப் பார்க்கும் மாணவர்கள், பேராசிரியர் வாழ்க்கை என்றாலே அதுதான் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

மகள் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. அவள் ஏதாவது சொன்னால், உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அவளிடம் கேளுங்கள். பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூக்கம் கெட்டு, வயலின் உட்பட எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஷெல்லெங் மீது இவ்வளவு கோபம் இருக்கும்போது நாட்டத்துக்கு என்ன குறை!