ஆரல்வாய்மொழிக் காத்தாடி: கேளுங்க, சொல்றேன்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, தலா 250 கிலோவாட்டில் எட்டு காற்றாலை உள்ள சின்னப் பண்ணையில் பராமரிப்பு பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

முருகேசன்: அண்ணே, றெக்கை இவ்வளவு மெதுவா சுத்துது. எப்படி கரண்ட் வரும்?

தூரத்திலிருந்து பார்க்கிறீங்க தம்பி. நிமிடத்துக்கு 40 சுற்றுதான். ஆனால் றெக்கை 14 மீட்டர் நீளம். அதன் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும். மேலே பெட்டிக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் அந்த 40-ஐ ஆயிரம் சுற்றுக்குச் சற்று மேலே ஏற்றி ஜெனரேட்டரைச் சுழற்றும். வரும் மின்சாரத்தின் வோல்டேஜை டிரான்ஸ்பார்மர் உயர்த்தி லைனில் சேர்க்கும்.

கவிதா: எட்டும் சேர்த்து 2,000 கிலோவாட். அப்போ வருஷத்துக்கு 1.75 கோடி யூனிட்டா?

பேப்பரில் சரிம்மா. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 35 லட்சம் யூனிட் வந்தாலே இந்தப் பழைய மெஷின்களுக்கு நல்ல வருஷம். மாசம் 200 யூனிட் எரிக்கும் வீடுகள் என்றால் 1,400-க்கு மேல் தாங்கும்.

காரணம் காற்றின் கணக்கு. வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. நொடிக்கு 14 மீட்டர் காற்றில் 250 கிலோவாட் தரும் மெஷின், 7 மீட்டரில் அதில் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வரும்போதுதான் எங்களுக்குச் சம்பாத்தியம். காற்றாலை வாங்க நினைப்பவர் கிலோவாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்; அந்த இடத்தின் காற்றுப் பதிவைக் கேளுங்கள்.

செல்வம்: ஊரில் கரண்ட் போனால் காத்தாடியும் நிக்குதே, ஏன்?

பலரும் சிரிக்கிற விஷயம் இது. எங்கள் ஜெனரேட்டர் இண்டக்‌ஷன் வகை. அது காந்தமாவதற்கே கிரிட்டிலிருந்து, அதாவது ஊருக்குக் கரண்ட் தரும் லைனிலிருந்து, மின்சாரம் வேண்டும். லைன் போனால் றெக்கையை இழுத்துப் பிடிக்கும் சுமையும் போய்விடும். பிரேக் போடாவிட்டால் றெக்கை தறிகெட்டுச் சுற்றும்.

பேச்சியம்மாள்: எங்க ராதாபுரம் பக்கம் காத்தாடி வந்த பிறகுதான் மழை ஓடிப்போச்சுன்னு பேசிக்கிறாங்களே தம்பி?

அக்கா, எங்கள் றெக்கை எட்டும் உயரம் 50 மீட்டர்கூட இல்லை. மழைமேகம் அதற்கு எவ்வளவோ மேலே. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டுதான் வருகிறது. காத்தாடிக்கு முன்பும் அது வறண்ட பூமிதானே? காற்று பலமாக வீசும் வறண்ட நிலமாகப் பார்த்துத்தான் கம்பெனிகள் வந்தன. நிலத்துக்குக் கொடுத்த விலை நியாயமா என்று கேட்டால், அது வேறு வழக்கு. அதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஜோசப்: வீட்டு மாடியில் சின்னதா ஒன்று வைக்கலாமா?

வேண்டாம். சுற்றிலும் கட்டிடம், மரம் இருந்தால் காற்று சிதறித்தான் வரும். அந்தக் காசுக்கு சோலார் போடுங்கள்.