வெள்ளைச் சீட்டில் 1 மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்தபின் முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறேன். நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்குரிய வெள்ளைச் சீட்டில், கோட்டுக்கு மேலே உள்ள கட்சிக் கட்டங்களில் பிடித்த கட்சிக்கு 1 போட்டுவிட்டு வந்துவிடு என்கிறார் பெரியப்பா. சரியா?

பதில்: 1 மட்டும் போட்டாலும் உங்கள் வாக்கு செல்லும். ஆனால் பாதி வழியிலேயே நின்றுபோகக்கூடும்.

பெரியப்பா சொல்வது 2016-க்கு முந்தைய பழக்கம். அப்போது மேலே ஒரு 1 போட்டால், அந்தக் கட்சி முன்கூட்டியே பதிவு செய்துவைத்த வரிசைப்படி உங்கள் வாக்கு மற்றக் கட்சிகளுக்குப் போகும். அந்த வரிசை வாக்காளர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது. 2013-இல் உங்கள் விக்டோரியாவில் வெறும் 0.51 சதவீத முதல் விருப்பு வாக்குகளோடு (1 என்று போடப்பட்டவை) சின்னக் கட்சி வேட்பாளர் ரிக்கி மியூர் செனட்டரானது அப்படித்தான். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். இப்போது வரிசை உங்கள் கையில். கோட்டுக்கு மேலே என்றால் குறைந்தது 6 கட்டங்களுக்கு விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடச் சொல்கிறார்கள். கீழே தனித்தனி வேட்பாளர்களுக்கு என்றால் குறைந்தது 12.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வழக்கமான தேர்தலில் மாநிலத்தின் 12 செனட்டர்களில் 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். செல்லுபடியான வாக்குகளை 7-ஆல் வகுத்து, மீதியை விட்டு, 1 கூட்டினால் வருவதுதான் கோட்டா, அதாவது ஓர் இடத்தை வெல்லத் தேவையான வாக்குகள். தமிழ்நாட்டில் ராஜ்யசபா தேர்தல் வந்தால் ஓர் எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் என்று பேசிக்கொள்வார்களே, 234-ஐ வைத்துப் போட்ட அதே கணக்கு. அங்கே எம்.எல்.ஏ.க்கள் செய்வதை இங்கே நீங்களே செய்கிறீர்கள்.

முதல் நான்கைந்து இடங்கள் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நிரம்பிவிடும். இழுபறி கடைசி இடத்துக்குத்தான். அங்கே முழுக் கோட்டா யாரிடமும் இருக்காது. குறைந்த வாக்கு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, அவர்களுடைய வாக்குகள் அடுத்த எண்ணுக்கு மாறும். அடுத்த எண் இல்லாத சீட்டு அதோடு கணக்கிலிருந்து விலகிவிடும். 2025-இல் விக்டோரியாவில் லேபர் கட்சிப் பட்டியலில் 3-ஆவதாக நின்ற, இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிஷெல் ஆனந்தராஜா செனட்டுக்குப் போனது இப்படிக் கைமாறி வந்த வாக்குகளின் துணையோடுதான்.

அதனால் மனசுக்குப் பிடித்தது சின்னக் கட்சியாக இருந்தாலும் தயங்காமல் 1 கொடுங்கள். அப்புறம் 6-உடன் நிறுத்தவும் வேண்டாம், முடிந்தவரை எண் போடுங்கள். வெல்லக்கூடிய கட்சிகளில் உங்களுக்கு ஓரளவாவது ஒத்துவருவது ஒன்று அந்த வரிசையில் கட்டாயம் இருக்கட்டும். வாசலில் கட்சிக்காரர்கள் நீட்டும் அட்டை வெறும் யோசனைதான், அதன்படி போட வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒரு தாளில் வரிசையை எழுதி எடுத்துப்போனால் அவசரப்பட வேண்டாம்.

பச்சைச் சீட்டில் மட்டும் ரொம்பக் கவனம். அது பிரதிநிதிகள் சபைக்கானது. எல்லாக் கட்டங்களுக்கும் எண் வேண்டும். பெரியப்பா சொன்னபடி அங்கே 1 மட்டும் போட்டுவிட்டு வந்தால் வாக்கே செல்லாது. எதிலாவது தவறிவிட்டால், பெட்டியில் போடுமுன் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு கேளுங்கள், தருவார்கள்.