கூடாரமும் ரப்பர் பூட்ஸும்

கேள்வி: இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போக ஆசை. நேரில் போய் டிக்கெட் வாங்கலாமா?

பதில்: வாசலில் எல்லாம் கிடைக்காது. விற்பனைக்கு முன்பே இணையத்தில் புகைப்படத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும், டிக்கெட்டிலும் உங்கள் முகமே அச்சாகி வரும் என்பதால் நண்பருடையதை வாங்கிக்கொண்டு போகிற வேலையெல்லாம் நடக்காது. டிக்கெட் உறுதியான கையோடு விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பெயரைப் பார்த்து கிளாஸ்டன்பரி ஊரில் அறை போட்டுவிடாதீர்கள். விழா நடப்பது சில மைல் தள்ளி, பில்டன் கிராமத்து மாட்டுப்பண்ணையில். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறி காசில் கேரியில் இறங்கினால் விழாப் பேருந்து உண்டு. அப்புறம் மழை. ஜூன் மாதம்தானே என்று நம்பாதீர்கள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாவிட்டால் அடிக்கு ஒரு தடவை செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். விழா நடக்கும் பண்ணையிலேயே தங்குவதற்கான கூடாரத்தை இங்கேயே மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பழகிக்கொள்ளுங்கள்.