மாறுநிலைப் புள்ளியில் டென்சர் வலையமைப்பு

கேள்வி: குவாண்டம் ஸ்பின் சங்கிலிகளை (நுண்காந்தங்கள் போன்ற ஸ்பின்கள் வரிசையாக நிற்கும் அமைப்புகளை) கணினியில் ஆராய டென்சர் வலையமைப்பு முறையே சிறந்தது என்கிறார்கள். ஆனால் ஒரு கட்டம் இன்னொன்றாக மாறும் மாறுநிலைப் புள்ளியில் மட்டும், அதில் பயன்படும் அணியின் (matrix) அளவைக் கூட்டக் கூட்ட விடை மாறிக்கொண்டே போகிறது. அங்கே இம்முறையை நம்பலாமா?
– முதுகலை இயற்பியல் மாணவி

பதில்: நம்பலாம், ஆனால் ஒரே அளவு அணியைக் கொண்டு பெற்ற விடையை நம்பக் கூடாது.

ஒவ்வொன்றும் இரு நிலைகள் உடைய 50 ஸ்பின்கள் கொண்ட சங்கிலியின் நிலையை முழுமையாக எழுத ஏறத்தாழ 11 கோடி கோடி எண்கள் வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஸ்பினுக்கும் சில சிறிய அணிகளை ஒதுக்கி, அவற்றின் பெருக்கலாகவே நிலையை எழுதிவிடுகிறோம். டென்சர் வலையமைப்பின் எளிய வடிவம் இதுதான். 1992இல் ஸ்டீவன் ஒயிட் வகுத்த கணக்கீட்டு முறையின் (DMRG) உள்ளே இருப்பதும் இதுவே என்பது பின்னர்தான் விளங்கிற்று. சங்கிலியை ஓரிடத்தில் வெட்டினால் இரு பகுதிகளும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் பின்னல் என்ட்ரோபி, அணியின் அளவுடைய மடக்கையைத் தாண்ட முடியாது. அண்டை ஸ்பின்கள் மட்டும் இடைவினை புரியும், ஆற்றல் இடைவெளி (அடிநிலைக்கும் அதற்கு மேலுள்ள நிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு) உள்ள சங்கிலியின் அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், நீளம் எவ்வளவானாலும் அந்த என்ட்ரோபி ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பதை 2007இல் ஹேஸ்டிங்ஸ் நிறுவினார்.

மாறுநிலையில் அந்த இடைவெளி மறைகிறது. அண்டை ஸ்பின்களை ஒரே திசையில் நிறுத்த முயலும் இடைவினையும், அதைக் குலைக்கும் குறுக்குக் காந்தப்புலமும் போட்டியிடும் ஈசிங் சங்கிலியில், இடைவினையும் புலமும் சமமாகும் இடத்தில், முடிவற்ற சங்கிலியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டால், அதன் நீளம் இரட்டிக்கும்போதெல்லாம் என்ட்ரோபி ஏறத்தாழ 0.116 கூடுகிறது. மிக மெதுவான வளர்ச்சிதான், ஆனால் நிற்பதே இல்லை. அளவு வரையறுக்கப்பட்ட அணிகள் இதை ஒரு தொலைவு வரைதான் பின்தொடரும். அதற்கப்பால் அவை ஒட்டுறவு நீளம் (ஸ்பின்களுக்கிடையிலான தொடர்பு எட்டும் தொலைவு) முடிவுற்ற வேறொரு நிலையையே தருகின்றன. ஈசிங் சங்கிலியில் அணியின் அளவை இரட்டித்தால் இந்நீளம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கணக்கீட்டுச் செலவோ எட்டு மடங்காகும்.

இந்தக் குறையையே அளவுகோலாக்கிக் கொள்ளலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அளவு 16, 32, 64, 128 என மாற்றி, சங்கிலியை ஓரிடத்தில் வெட்டும்போது வரும் என்ட்ரோபியை ஒட்டுறவு நீளத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். சாய்வு, மாறுநிலையின் வகையைக் காட்டும் எண்ணான மைய மின்னூட்டத்தில் (central charge) ஆறில் ஒரு பங்கு. ஈசிங் மாதிரிக்கு மைய மின்னூட்டம் 1/2 என்பதால் 1/12 கிடைக்க வேண்டும்.

2007இல் விடால் முன்வைத்த மேரா (MERA) என்ற மற்றொரு டென்சர் வலையமைப்பு, அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், மடக்கை வளர்ச்சியை இயல்பாகவே தாங்கும். ஆயினும் அதன் செலவு அளவின் எட்டாம், ஒன்பதாம் அடுக்குகளாக ஏறுவதால் தொடக்கத்திற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் எச்சரிக்கை: முடிவற்ற சங்கிலிக் கணக்கீட்டில் மாறுநிலைப் புள்ளியிலேயே, பூச்சியமாக இருக்க வேண்டிய காந்தமாக்கம் பூச்சியமாக வராமல் போகலாம். நிரலில் பிழை என்று உடனே அதைத் திருத்தப் போகாமல், அணியின் அளவு கூடும்போது அம்மதிப்பு குறைந்துவருகிறதா என்று முதலில் பாருங்கள்.