பூட் ஃபைல் காணவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

கேள்வி: உபுண்டு லினக்ஸ் நிறுவப் பென்டிரைவைப் போட்டால், '/காஸ்பர்/விஎம்லினஸ் இல்லை' என்று நின்றுவிடுகிறது.

பதில்: பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, பென்டிரைவில். ஐஎஸ்ஓ (உபுண்டுவின் நிறுவல் ஃபைல்) அரைகுறையாக இறங்கியிருக்கலாம். அதன் ஷா256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) உபுண்டு தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்; ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். எண் சரியென்றால் ரூஃபஸில் (பென்டிரைவில் எழுதும் விண்டோஸ் மென்பொருள்) டிடி முறையில், அதாவது ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுக்கும் முறையில், எழுதிப் பாருங்கள். ஐஎஸ்ஓவை வெறுமனே பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் பூட் ஆகாது.

கேள்வி: விண்டோஸில் பார்ட்டிஷனை மாற்றினேன். இப்போது 'நார்மல்.மாட் இல்லை', அடுத்து 'கிரப் ரெஸ்க்யூ>'. எல்லாம் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். பார்ட்டிஷன் எண் மாறியதால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது சிஸ்டத்தை ஏற்றிவிடும் கிரப் நிரல் வேறு இடத்தில் தேடுகிறது. 'எல்எஸ்' அடியுங்கள் (கட்டளைகளெல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில்). (எச்டி0,ஜிபிடி2) என்பதுபோல் பெயர்கள் வரும். ஒவ்வொன்றிலும் 'எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்' என்று எட்டிப் பாருங்கள். எதில் 'ஐ386-பிசி' அல்லது 'எக்ஸ்86_64-இஎஃப்ஐ' ஃபோல்டர் தெரிகிறதோ, அதுதான். பிறகு வரிசையாக:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்துவிடும். ஆனால் இது அந்த ஒருமுறைக்குத்தான். உள்ளே போனதும் சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) 'கிரப்-இன்ஸ்டால்' ஓட்டுங்கள். பழைய பயாஸ் முறையென்றால் முழு டிஸ்க்கைக் குறிப்பிட வேண்டும்: /டெவ்/எஸ்டிஏ. எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனைக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாகப் புதிய கம்ப்யூட்டர்களில் இருப்பது) என்றால் டிஸ்க் பெயர் வேண்டாம். பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் /பூட்/இஎஃப்ஐயில் மவுண்ட் ஆகியிருக்க (இணைக்கப்பட்டிருக்க) வேண்டும்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு 'கெர்னல் பேனிக்', ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்கிறது.

பதில்: /பூட் நிரம்பிப்போய், புதிய கெர்னலுக்கான (சிஸ்டத்தின் மையப் பகுதி) இனிட்ஆர்டி, அதாவது தொடக்கத்தில் அதற்கு உதவும் ஃபைல், எழுதப்படாமல் போயிருக்கலாம். கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் நுழைந்து 'டிஎஃப் -எச் /பூட்' பாருங்கள். 100% என்றால் 'ஏபிடி ஆட்டோரிமூவ்' செய்து இடம் பிடியுங்கள். பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' உடன் புதிய கெர்னலின் பதிப்பெண், அடுத்து 'அப்டேட்-கிரப்'. /பூட்டுக்குள் கையால் எதையும் அழிக்காதீர்கள். தனி /பூட் வைப்பவர்கள் 1 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: நிறுவி முடித்தும் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது.

பதில்: சில மதர்போர்டுகள் புதிய பூட் பதிவை வைத்துக்கொள்வதில்லை. லைவ் பென்டிரைவை (நிறுவாமலேயே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ இருந்தால் சரியான முறைதான். நிறுவிய சிஸ்டத்தை மவுண்ட் செய்து சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள்' கொடுங்கள். பெரும்பாலான போர்டுகள் தானாகத் தேடும் இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ அப்போது எழுதப்படும்.